அரசாங்கப் பணத்தில் நடக்கிற நிறுவனம் பொய் சொல்லுமா?

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, என் மனுசன் 12 வருசமாகக் கூரை வேலை செய்கிறார். மீள்குடியேறி வந்து கட்டிய எங்கள் வீட்டுக்கும் அஸ்பெஸ்டஸ் சீற்தான். போன மாதம் ரவுணில் மேசன்மாருக்கு ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். சாப்பாட்டுப் பார்சலும் ஒரு பையும் ஒரு புத்தகமும் கொடுத்து அனுப்பினார்கள். வெள்ளைக் கல்நார், அதாவது வெள்ளை அஸ்பெஸ்டஸ், சீமெந்தோடு சேர்ந்துவிட்டால் கெடுதி இல்லை, இதைப் பற்றி நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்று புத்தகத்தில் இருக்கிறது. எழுதியது ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சி நிறுவனம், அந்த நாட்டு அரசாங்கத்தின் உதவியோடு நடக்கிறதாம். ரொறன்ரோவில் இருக்கிற அண்ணை 'உந்தக் கூரையை முதலில் கழற்று' என்று போனில் சத்தம் போடுகிறார். இரண்டு பக்கமும் டொக்டர்மார், பேராசிரியர்மார். கம்பனி சொன்னால் சந்தேகப்படலாம், அரசாங்கப் பணத்தில் நடக்கிற நிறுவனம் ஏன் பொய் சொல்லப்போகிறது? நாங்கள் யாரை நம்புவது? கூரையைக் கழற்றத்தான் வேண்டுமா? இவர் இந்த வேலையை விடத்தான் வேண்டுமா?"

தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது நாளைக் காலையில் நடக்கப்போகிற விஷயம். உங்கள் மனுசன் கூரை வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கிரைண்டரால் வெட்டுவதை இன்றோடு விட வேண்டும். காய்ந்த சீற்றில் துளை போடுவது, பழைய சீற்றில் பிடித்த பாசியைக் கம்பித் தூரிகையால் உரசுவது, வேலை முடிந்து விழுந்த தூசியை விளக்குமாற்றால் கூட்டுவது, இவையும்தான். சீற் முழுசாக, வெடிப்பில்லாமல், தலைக்கு மேலே சும்மா கிடக்கும்வரை நார் பெரும்பாலும் சீமெந்துக்குள்ளேயே இருக்கும். வெட்டும்போதும் உடைக்கும்போதும் உரசும்போதும்தான் அது கிளம்புகிறது, அப்படிக் கிளம்புகிற நாரில் நெஞ்சுக்குள் ஆழமாக இறங்கக்கூடியது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லியது.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன், சனம் கூப்பிடுவது பி.எச்.ஐ. ஐயா என்று. 2011 இல் என் பிரிவில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்துக்குக் கிணறுகளுக்குக் குளோரின் போடப் போயிருந்தேன். ஒரு வளவில் ஒரு பெடியன், இருபது வயது இருக்காது, சேட்டைக் கழற்றி வாயையும் மூக்கையும் சுற்றிக் கட்டிக்கொண்டு, முற்றத்தில் போட்ட சீற்றை ஒரு காலால் அமத்திப் பிடித்துக் கிரைண்டரால் வெட்டிக்கொண்டிருந்தான். கண் இமையெல்லாம் வெள்ளை. வீட்டுக்கார அம்மா கொண்டுவந்து வைத்த பிளேன்ரீயின் மேல் பாலாடை மாதிரித் தூசி படிந்திருந்தது, அவன் அதை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தான். அந்த அம்மாவின் சின்னப் பிள்ளை வெட்டி விழுந்த துண்டை எடுத்து நிலத்தில் கோடு கீறி விளையாடிக்கொண்டிருந்தது. நான் கிணற்றைப் பார்த்தேன், மலசலகூடக் குழியைப் பார்த்தேன், நுளம்பு பெருகாமல் தண்ணீர்ப் பாத்திரத்தை மூடச் சொன்னேன், சீற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தறப்பாளுக்குக் கீழே மழையும் வெயிலுமாக இருந்துவிட்டு வந்த சனத்திடம், இப்போதுதான் கிடைத்த கூரையைப் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெடியனுக்கு இப்போது முப்பத்தைந்து வயதளவில் இருக்கும், எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.

சரி, இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. உங்களுக்குக் கிடைத்த புத்தகத்தை எழுதிய நிறுவனத்தைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை, அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம், எப்படி என்று பிறகு சொல்கிறேன். அரசாங்கப் பணம் என்றால் நடுநிலை என்று நினைத்தீர்களே, அதற்கு உங்கள் அண்ணை இருக்கிற நாட்டின் கதையையே எடுத்துக்கொள்வோம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அஸ்பெஸ்டஸ் என்றே பெயர் வைத்த ஒரு ஊர் இருந்தது. அங்கேயும் பக்கத்தில் தெட்போர்ட் மைன்ஸ் என்ற ஊரிலும் நூறு வருடத்துக்கு மேலாகக் கல்நார் தோண்டினார்கள். 1984 இல் மொன்றியல் நகரத்தில் அஸ்பெஸ்டஸ் இன்ஸ்டிடியூட் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பணம் மூன்று பக்கத்திலிருந்து வந்தது: மத்திய அரசாங்கம், கியூபெக் அரசாங்கம், சுரங்கத் தொழில். பிறகு அஸ்பெஸ்டஸ் என்ற சொல்லே கெட்டுப்போனதும் கிறிசோடைல் இன்ஸ்டிடியூட் என்று பெயரை மாற்றினார்கள், கிறிசோடைல் என்றால் நீங்கள் சொல்கிற அதே வெள்ளைக் கல்நார். அந்த இன்ஸ்டிடியூட்டின் வேலை, வெள்ளைக் கல்நாரைப் பாதுகாப்பாகப் பாவிக்கலாம் என்று உலகத்துக்கு, முக்கியமாக எங்களைப் போன்ற நாடுகளுக்கு, சொல்லிக்கொண்டிருப்பது. கடைசிக் காலத்தில்கூட மத்திய அரசாங்கம் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டொலர் கொடுத்துக்கொண்டிருந்தது. தோண்டியதில் மிகப் பெரும் பகுதி ஏற்றுமதிக்குத்தான். அதே காலத்தில் அவர்கள் தங்களுடைய பாராளுமன்றக் கட்டடத்தில் இருந்த பழைய கல்நாரைக் காசைக் கொட்டி அகற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு அரசாங்கம் ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? சுரங்க ஊரில் வேலை இருக்கிறது, வேலை இருக்கிற இடத்தில் வாக்கு இருக்கிறது. கியூபெக்கின் வாக்கு கனடாவில் எந்தக் கட்சிக்கும் பெரிய விஷயம், 2011 தேர்தல் நேரத்தில் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் அந்த அஸ்பெஸ்டஸ் ஊருக்கே போய்த் தொழிலுக்கு ஆதரவு சொன்னார். அந்த ஜூன் மாதம் ஜெனீவாவில் ரொட்டர்டாம் உடன்படிக்கைக் கூட்டம். அபாயமான இரசாயனப் பொருளை விற்கிற நாடு, வாங்குகிற நாட்டுக்கு முன்கூட்டியே அபாயத்தை அறிவித்துச் சம்மதம் பெற வேண்டும் என்கிற உடன்படிக்கை அது. தடைகூட இல்லை, சொல்லிவிட்டு விற்கச் சொல்வதுதான். உடன்படிக்கையின் நிபுணர் குழு வெள்ளைக் கல்நாரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வருடக்கணக்காகிவிட்டது. ஆனால் அங்கே எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் சேரும். கனடா மறித்தது.

இனித்தான் நான் உங்களை நின்று பார்க்கச் சொல்கிற இடம். 2012 ஜூனில் கியூபெக் அரசாங்கம் சுரங்கத்தைத் திரும்பத் திறக்க 58 மில்லியன் டொலர் கடன் தருவதாகச் சொன்னது. செப்டெம்பரில் தேர்தல், ஆட்சி மாறியது, புதிய அரசாங்கம் அந்தக் கடனைத் தர மாட்டோம் என்றது. அதே செப்டெம்பரில் கனடா மத்திய அரசாங்கமும் இனி ரொட்டர்டாமில் எதிர்க்கப்போவதில்லை என்று அறிவித்தது. இன்ஸ்டிடியூட் அதற்குச் சில மாதம் முன்னரே, பணம் நின்றதோடு, மூடப்பட்டுவிட்டது. 2018 கடைசியில் கனடா கல்நாரைத் தடையே செய்தது, 2020 இல் ஊர்ச் சனம் வாக்குப் போட்டு ஊரின் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். தங்கச்சி, ஜூனுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் கல்நாரைப் பற்றி யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கல்நார் அதே கல்நார்தான். அப்படியென்றால் அந்த 28 வருடமும் விஞ்ஞானம் என்ற பெயரில் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது எது?

கனடா ஒன்றும் இதில் தனி இல்லை. 2010 இல் பன்னாட்டுப் புலனாய்வுச் செய்தியாளர்களின் கூட்டமைப்பு ஒன்று கணக்குப் பார்த்தபோது, கனடா, இந்தியா, பிரேசில் போன்ற நாடுகளில் கல்நார்ச் சந்தையைக் காப்பாற்ற 1980களின் நடுப்பகுதியிலிருந்து பொதுப்பணமும் தனியார் பணமுமாக ஏறத்தாழ 100 மில்லியன் டொலர் செலவாகியிருந்தது. எங்கள் சனத்தின் நெஞ்சுக்குள் என்ன போகிறது என்று கண்டுபிடிக்கவில்லை அந்தப் பணம், சந்தையைக் காப்பாற்றியது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

புத்தகத்தின் வாதத்துக்கு வருவோம். நீலக் கல்நாரும் பழுப்புக் கல்நாரும்தான் மோசம், வெள்ளை வேறு, நிபுணர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை என்கிறார்கள். இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் எடுபடுகிறது. நெஞ்சுச் சவ்வில் வருகிற மெசோதெலியோமா என்ற புற்றுநோயைப் பொறுத்தவரை நீலமும் பழுப்பும் வெள்ளையை விடக் கடுமை என்பதை நிபுணர்களே சொல்கிறார்கள், எத்தனை மடங்கு கடுமை என்பதில் அவர்களுக்குள் வாக்குவாதமும் உண்டு. வெள்ளையும் புற்றுநோய் தருமா என்பதில் அந்த வாக்குவாதம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வெள்ளையையும் சேர்த்து எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது நிச்சயம் என்ற முதலாம் தொகுதியில்தான் வைத்திருக்கிறது. 2006 இல் உலக சுகாதார நிறுவனம், இந்த நோய்களை ஒழிக்க மிகச் சிறந்த வழி எல்லா வகைக் கல்நார்ப் பாவனையையும் நிறுத்துவதுதான் என்று எழுதியே வைத்தது. நாகமா புடையனா கூடுதல் விஷம் என்று இரண்டு விஷகடி வைத்தியர்கள் வாக்குவாதப்படுகிறார்கள் என்று வையுங்கள். பக்கத்தில் நின்று கேட்ட ஒருவர் போய், பாம்பு விஷத்தைப் பற்றி வைத்தியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, நாகத்தைப் பாதுகாப்பாக வளர்க்கலாம் என்று புத்தகம் அடித்து விட்டால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்கிறார்கள்.

இந்த வித்தை கல்நார்க்காரரின் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. 1953 டிசெம்பரில் அமெரிக்கச் சிகரெட் கம்பனித் தலைவர்கள் நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில் கூடினார்கள். அடுத்த மாதமே, புகைத்தலையும் புற்றுநோயையும் ஆராய நாங்களே ஒரு ஆராய்ச்சிக் குழு அமைக்கிறோம் என்று அந்த நாட்டுப் பத்திரிகைகளில் முழுப்பக்க அறிவித்தல் போட்டார்கள். இனிமேல் யார் எதைக் கேட்டாலும் "இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது" என்ற பதில் தயார். 1969 இல் ஒரு சிகரெட் கம்பனிக்குள் சுற்றிய கடிதத்தில் "சந்தேகம்தான் எங்கள் சரக்கு" என்று எழுதியே வைத்திருக்கிறார்கள், பிற்காலத்து வழக்குகளில் வெளியே வந்தது. அவர்கள் உங்களை நம்பவைக்கத் தேவையில்லை. நீங்கள் குழம்பிப்போய் "ஆருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கெற்றை வாங்கினால் போதும்.

ஆட்களும் போலி இல்லை, பெரும்பாலும் உண்மையான படிப்பாளிகள்தான். அமெரிக்காவில் பிரெடெரிக் சைட்ஸ் என்று பெயர்பெற்ற பௌதிக விஞ்ஞானி, அந்த நாட்டு விஞ்ஞான அகடமிக்கே தலைவராக இருந்தவர். பிற்காலத்தில் ஒரு சிகரெட் கம்பனியின் ஆராய்ச்சிப் பணத்தைப் பங்கிடுகிற வேலையைப் பார்த்தார், 1984 இல் வாஷிங்டனில் ஜோர்ஜ் மார்ஷல் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவர்தான். அது முதலில் ரேகன் அரசாங்கத்தின் விண்வெளி ஆயுதத் திட்டத்துக்கு ஆதரவாகப் பேசியது, பிறகு புவி சூடாவதைப் பற்றி விஞ்ஞானிகள் சொல்வதைச் சந்தேகிக்கச் சொன்னது. பௌதிகத்தில் அவர் பெரிய ஆள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நெஞ்சுக் கோளாறுக்கு நீங்கள் கண் டொக்டரிடம் போவீர்களா? புத்தகத்தில் பேராசிரியர் என்று போட்டிருப்பவர் என்ன பேராசிரியர் என்று பாருங்கள்.

இன்னொன்று எழுதியிருந்தீர்கள், சுருக்கியதில் விட்டுவிட்டேன்: "எங்கள் ஊரில் இத்தனை வருசமாகச் சீற்றுக்குக் கீழே இருக்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லையே என்று கருத்தரங்கில் கேட்டார்கள், இவருக்கும் அது சரியாகத்தான் பட்டது" என்று. இது அவர்களுக்கு மிகவும் பிடித்த வசனம். மெசோதெலியோமா, நார் உள்ளே போய் 20, 30, 40 வருடம் கழித்து வருகிற வருத்தம். வன்னியில் சனம் திரும்பி வந்து வீடு கட்டத் தொடங்கியதே 2009 கடைசி, 2010 இல். அந்தக் கூரைகளை வெட்டின பெடியன்மாருக்கு என்ன நடந்தது என்பது 2030க்குப் பிறகுதான் மெல்லத் தெரியத் தொடங்கும். அதற்கு முந்தியவர்களைப் பார்க்கலாமே என்றால், எண்பதுகளில் சீற் வெட்டிய ஒருவர் யுத்தத்தில் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், அங்கிருந்து சுதந்திரபுரம், மாத்தளன் என்று எத்தனை இடம் மாறினார், அவருடைய கிளினிக் கொப்பி எங்கே, ஆஸ்பத்திரிப் பதிவு எங்கே? இருமலோடு மெலிந்துபோய்ச் செத்தவரைக் கசம் என்று சொல்லி அடக்கம் செய்திருப்போம். எண்ணாத இடத்தில் நின்றுகொண்டு எண்ணிக்கை பூச்சியம் என்று சொல்வது எவ்வளவு லேசு.

எண்ணிக்கையைப் பற்றி வன்னிச் சனத்துக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 தொடக்கத்தில், யுத்தத்தின் கடைசி மாதங்களில், உள்ளே சிக்கியிருக்கிற சனம் 70,000 அளவு என்று கொழும்பில் சொன்னார்கள். உள்ளே நின்று பதிந்த அரச உத்தியோகத்தர்களின் கணக்கு 3 லட்சத்துக்கு மேல். அனுப்புகிற அரிசியும் மருந்தும் எந்தக் கணக்கைப் பார்த்து வந்தது என்று அந்த வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் பேர். முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்கேற்ற கணக்கைத் தேடினால் அது எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம், அதை விடப் பெரிய படிப்பு இந்த விஷயத்தில் எனக்கும் இல்லை.

எங்கள் நாட்டிலும் ஒரு கதை நடந்தது, கொழும்புப் பத்திரிகைகளில் வந்தும் இங்கே பலர் கவனிக்கவில்லை. 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி 2024 அளவில் முற்றாக நிறுத்துவதென்று அரசாங்கம் தீர்மானித்திருந்தது. எங்களுக்கு இந்த நாரை விற்கிறதில் ரஷ்யா முக்கியமான நாடு. 2017 டிசெம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் ஒரு வண்டு இருந்ததென்று சொல்லி ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியது. கொழும்பு ஓடிப்போய் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. அந்த டிசெம்பர் முடிவதற்குள் தேயிலைத் தடை நீங்கியது. வண்டுக்கும் சீற்றுக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் வாதாட மாட்டேன், திகதிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படி ஒரு முடிவை எடுத்த பிறகு அதற்கு விஞ்ஞான நியாயம் வேண்டும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு இன்ஸ்டிடியூட்டின் அறிக்கை தயாராக இருக்கும். எந்த அரசியல்வாதியும் "வாக்குக்காக", "ஏற்றுமதிக்காக" என்று மேடையில் சொல்ல மாட்டார், "விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது" என்று சொல்லலாம். இப்படியான நிறுவனங்களுக்கு அரசியல் பணம் போவது அந்த ஒரு வசனத்தை வாங்கத்தான்.

நான் வேலையில் இருந்த காலத்தில் இப்படியான ஒரு அறிக்கை என் முகத்துக்கு நேரே நீட்டப்பட்டது. கட்டடத் திட்டம் ஒன்றைப் பற்றிய கூட்டம், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கூரைக்கு ஓடு போடலாமே என்று நானும் இன்னொரு உத்தியோகத்தரும் கேட்டோம். எதிரே இருந்தவர் பளபளப்பான அட்டை போட்ட ஒரு அறிக்கையை எடுத்து, இதோ விஞ்ஞானிகள் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். என்னிடம் அன்று ஒரு கடதாசியும் இல்லை. வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் இவற்றையெல்லாம் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அப்படியென்றால் மற்றப் பக்கத்தாருக்கும் யாரோ பணம் கொடுக்கிறார்கள்தானே என்று உங்கள் மனுசன் கேட்பார், கேட்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்தோ வரத்தான் வேண்டும், நானும் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன்தான். அதனால் பணம் யாருடையது என்று கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள், அந்தப் பணத்துக்கு எதிரான பதில் ஒரு தடவையாவது அங்கிருந்து வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில் ஒரு பெரிய கல்நார் ஆலை இருந்தது. அந்த ஆலையே ரிச்சர்ட் டோல் என்ற மருத்துவரைக் கூப்பிட்டுத் தங்கள் தொழிலாளரின் விவரங்களைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னது. 20 வருடத்துக்கு மேல் அந்தத் தூசிக்குள் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிற ஆபத்து மற்றவர்களை விடப் பத்து மடங்களவு என்று அவர் கண்டார். வெளியிட வேண்டாம் என்று ஆலை மறித்தது. 1955 இல் அவர் வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனத்துக்கும் கனடா சந்தாப் பணம் கட்டுகிறது, ரஷ்யாவும் கட்டுகிறது, கட்டியும் அந்த நிறுவனம் அவர்கள் விற்கிற பொருளை நிறுத்துங்கள் என்றுதான் சொன்னது. மொன்றியல் இன்ஸ்டிடியூட்டிலிருந்து 28 வருடத்தில் அப்படி ஒரு பதில் வரவில்லை. வந்திருந்தால் அடுத்த நாள் அதற்கு வேலையே இல்லை, ஆள் இல்லை, கட்டடம் இல்லை.

உங்களிடம் இருக்கிற புத்தகத்தையும் இப்படியே பாருங்கள். பின்பக்க அட்டையில், அல்லது கடைசித் தாளில் சின்ன எழுத்தில், யாருடைய உதவியோடு என்று இருக்கும். அந்த நாடு கல்நார் தோண்டுகிற நாடா, விற்கிற நாடா? அந்த நிறுவனம் இதுவரை எழுதியவற்றில் எங்கேயாவது "இதைப் பாவிக்க வேண்டாம்" என்று இருக்கிறதா? அண்ணையைக் கேட்டால் நெற்றில் தேடித் தருவார். அடுத்த கருத்தரங்கு வைத்தால் மனுசனைப் போகச் சொல்லுங்கள், சாப்பாட்டையும் சாப்பிடட்டும். எழும்பி நின்று, உங்கள் நாட்டில் புதுப் பள்ளிக்கூடங்களுக்கு இந்தச் சீற்தான் போடுகிறீர்களா என்று கேட்கட்டும். "பாதுகாப்பான பாவனை" என்று அவர்கள் எழுதுகிறது, தூசியை உறிஞ்சுகிற மெசினும் முகக்கவசமும் மேற்பார்வையும் இருக்கிற ஆலையை நினைத்து. புதுக்குடியிருப்பில் கூலிக்குக் கூரை ஏறுகிற பெடியனுக்கு யார் அதெல்லாம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்?

இனி உங்கள் கூரை. அண்ணை பயத்தில் சொல்கிறார், அவர் சொல்வது பிழையில்லை, ஆனால் முழுசாக இருக்கிற சீற்றை அவசரப்பட்டு இடித்து இறக்கினால்தான் வீடெல்லாம் தூசியாகும். வெடிப்பு, விளிம்பு உதிர்வது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இப்போதைக்குப் பெயின்ற் பூசி விடலாம், பூசுவதற்கு முன் உரச வேண்டாம். புதுசாகக் கூட்டிக் கட்டுகிற அறைக்கு ஓடோ தகரமோ போடுங்கள். தகரம் சூடு என்பது உண்மை, உள்ளே சீலிங் அடித்தோ, மேற்குப் பக்கம் வேம்பு வைத்தோ சமாளிக்கலாம். காசு சேர்ந்து பழையதை மாற்றுகிற நாள் வந்தால் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க வேண்டாம், சீற்றைத் தண்ணீர் விட்டு நனைத்து, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் முழுசாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டி, எங்கே புதைப்பதென்று பிரதேச சபையையும் உங்கள் பகுதிப் பி.எச்.ஐ.யையும் கேளுங்கள். குழி ரோட்டை நிரவவும் கிணற்றடிக்குப் போடவும் உடைந்த சீற்றைக் கொடுக்காதீர்கள். செல்லடியில் நொறுங்கிய கட்டடங்களின் சீற்றுத் துண்டுகள் இன்னும் எத்தனையோ வளவில் கோழிக்கூட்டுக்கு மறைப்பாக நிற்கின்றன, உங்கள் வளவில் இருந்தால் அதையும் நனைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மனுசனுக்கு: வெட்டத்தான் வேண்டும் என்றால் நனைத்து, கைவாளால், வெளியில், ஆட்கள் இல்லாத பக்கத்தில். சேட்டைக் கட்டுவதும் துணி மாஸ்க்கும் உதவாது, முகத்தோடு இறுக்கமாகப் பிடிக்கிற, நுண்தூசி வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும். பீடியோ சிகரெட்டோ பிடிக்கிறவர் என்றால் அதை விடச் சொல்லுங்கள், கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும். நெஞ்சுக் கிளினிக்குக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய், 12 வருடமாகச் சீற் வெட்டியவர் என்று டொக்டரிடம் வாயால் சொல்லிக் கொப்பியில் எழுதுவியுங்கள். அந்த ஒரு வரி இருபது வருடம் கழித்துத் தேவைப்படலாம்.

கடிதம் முழுக்க அவரைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் வேலையால் வந்ததும் அந்தச் சேட்டையும் சாரத்தையும் யார் உதறித் தோய்க்கிறது? 1965 இல் லண்டனில் நியூஹவுஸ், தொம்சன் என்ற இருவர் மெசோதெலியோமா வந்தவர்களைப் பற்றி ஒவ்வொருவராக விசாரித்தார்கள். அவர்களில் 9 பேர் கல்நார் ஆலைக்குள் காலே வைக்காதவர்கள், கல்நாரோடு வேலை செய்தவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள். அநேகம் பேர் பெண்கள், வேலை உடுப்பைத் தோய்த்தவர்கள். ஆகவே இனி அவர் கிணற்றடியிலேயே உடுப்பைக் கழற்றி, தானே ஒரு வாளித் தண்ணீருக்குள் அமத்தி வைத்துவிட்டு, குளித்துவிட்டு உள்ளே வரட்டும். உதற வேண்டாம். பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்க வேண்டாம். அந்த வாளியைத் தனியாக வையுங்கள்.